யாருங்க பாத்தா?

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் மறுநாள் காலையிலேயே போன் வரும். "ஏனுங்க மேடம், நான் இப்படிச் சொன்னேன்னு எழுதியிருக்கறீங்களே, அது என்னைக்குங்க? அப்ப பக்கத்துல யாருங்க இருந்தா?" என்று கேட்பார். எனக்கு நாளும் நினைவில்லை, கிழமையும் நினைவில்லை. ஆளை மட்டும்தான் மறக்க முடியவில்லை.

நாங்கள் இருவரும் நாலு வருஷம் கடல் அலை பார்த்தோம். பார்த்த இடம் சித்தூர். பாலக்காட்டுக்குக் கிழக்கே, ஒரு பக்கம் நெல்வயல், மறுபக்கம் தென்னந்தோப்பு. கடலுக்குப் போக வேண்டுமானால் இரண்டு பஸ் மாறி மூன்று மணி நேரம். இங்கே எதற்கு ஐயா கடல் ஆபீஸ் என்று கேட்காத ஆள் கிடையாது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, எங்கள் டைரக்டருக்கு அங்கே குடும்ப வீட்டின் மாடி சும்மா கிடந்தது. அவர் எர்ணாகுளத்தில் இருந்துகொண்டு வாரம் ஒருமுறை வீடியோவில் தலை காட்டுவார். கீழே உரக்கடை. மேலே மூன்று மேஜை, நாலு கம்ப்யூட்டர், ஒரு இன்வெர்ட்டர். பூச்சிமருந்து நெடியில் உட்கார்ந்து அரபிக் கடலை அளந்துகொண்டிருந்தோம்.

வேலை இதுதான். நாளைக்கு இந்தக் கரையில் இத்தனை உயரத்துக்கு அலை வரும் என்று பெரிய இடத்தில் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்வார்கள். சொன்னபடி வந்ததா என்று நாங்கள் சரிபார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. கரையிலிருந்து தள்ளிக் கடலுக்குள் ஒரு மிதவை இருந்தது. அதற்குள் இருக்கும் கருவி அலையோடு ஏறி இறங்கி, அரைமணிக்கு ஒருமுறை உயரத்தை அனுப்பும். இரண்டாவது வழி நபீசா இத்தா, அதாவது நபீசா அக்கா. கல் அடுக்கிக் கடலுக்குள் நீட்டியிருக்கும் தடுப்பை அந்தக் கரையில் புலிமுட்டு என்பார்கள். அதன் ஓரத்தில் ஒரு இரும்புத் தூண், அரையடிக்கு ஒரு கட்டமாக சிவப்பும் வெள்ளையும் அடித்தது. தினம் காலை ஆறரைக்கும் மாலை ஐந்தரைக்கும் இத்தா போய் நின்று இருபது அலையைப் பார்ப்பார். எத்தனை கட்டம் ஏறி இறங்கியது, ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை நொடி என்று போனில் எழுதி அனுப்புவார். அவர் வீடு முன்வரிசை. கதவைத் திறந்தால் மணல், மணலைத் தாண்டினால் கடல்.

நான் மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊரின் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். எம்.எஸ்ஸி., கம்ப்யூட்டர். அவர் பக்கத்து ஊர் நல்லேப்பிள்ளிக்காரர், நெல் பூமி உள்ள குடும்பம், கணக்கில் பி.எஸ்ஸி. காலையில் வயலைப் பார்த்து, குளித்து, பத்து மணிக்கு மொபெட்டில் வருவார். என்னைவிட மூன்று வயது மூப்பு. ஆனால் காகிதத்தில் அவர் எனக்குக் கீழே. நான் அவரை சார் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். இருவருக்கும் அந்த மரியாதை தேவைப்பட்டது, ஏனென்றால் வாரத்தில் நாலு நாள் சண்டை.

எல்லாச் சண்டைக்கும் காரணம் ஒன்றுதான். எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் கேள்வி: "யாருங்க பாத்தா?"

கோயமுத்தூரில் நல்ல மழையாம் சார் என்பேன். "யாருங்க பாத்தா?" உரக்கடைக்காரர் மகளுக்கு வரன் அமைந்துவிட்டதாம், பையன் தங்கமான பையனாம். "யாருங்க பாத்தா?" எதிரில் இருப்பவருக்குச் சுருக்கென்று இருக்குமே என்ற நினைப்பே கிடையாது. குரலில் கிண்டலாவது இருந்தால் திருப்பித் திட்டலாம், அதுவும் இருக்காது. பாலக்காட்டு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது மாதிரி கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சு என்று ஊரே சொன்னாலும் அவர் கணக்கில் தண்ணீர் வந்ததாக அர்த்தமில்லை. மதகு வரை போய், ஒரு குச்சியை ஊன்றி எடுத்து, நனைந்த இடத்தில் நகத்தால் கீறிவிட்டுத்தான் ஆபீஸுக்கு வருவார். "தண்ணி விட்டது நெசந்தானுங்க மேடம். நாலு விரக்கடை இருக்குது. அவங்க ஒரு மொழம்னாங்க."

"அதனால என்ன சார் இப்ப?"

"ஒண்ணுமில்லீங்க. நாலு விரக்கடைதான், அதச் சொன்னேன்."

ஆபீஸிலும் இதே கதைதான். எங்கள் அட்டவணையில் இடது பக்கம் முன்னறிவிப்பு, வலது பக்கம் அளந்தது. அவர் உட்கார்ந்ததும் தோளில் கிடக்கும் தோர்த்தை எடுத்து, மானிட்டரின் இடது பாதி மறையும்படி தொங்கவிடுவார். அளந்த எண்களை எல்லாம் படித்து, சந்தேகமானதைக் குறித்து, பேனாவை மூடிய பிறகுதான் துண்டு விலகும். டைரக்டர் ஒருநாள் வீடியோவில் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு ஜலதோஷமா என்று கேட்டார். இவர் சிரிக்காமல் பதில் சொன்னார்: "அதை மொதல்ல பாத்துப்போட்டா கண்ணு அதையேதானுங்க தேடும். எட்டுன்னு தெரிஞ்சா ஏழரையும் எட்டாத்தானுங்க தெரியும்."

இப்படித் துண்டு போட்டுத்தான் முதல் வருஷமே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். பங்குனி, சித்திரையில் சில நாள் வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். காற்றிருக்காது, மழையிருக்காது. எங்கோ தெற்கே நாலைந்து நாளுக்கு முன் வீசின புயலில் கிளம்பின அலை, சொல்லாமல் கொள்ளாமல் கரையேறி வீட்டுக்குள் வந்துவிடும். கள்ளக்கடல் என்று அங்கே பெயர். அந்த மாதிரி அலையை முன்னறிவிப்பு எப்போதும் ஒரு கை குறைத்தே சொல்கிறது என்று ஆதாரத்தோடு எழுதிக் கொடுத்தார். ஒரு கைதானே என்றார் டைரக்டர். இவர் அடுத்த மாத அறிக்கையிலும் அதே வரியை எழுதினார், அதற்கு அடுத்த மாதமும்.

அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது வேறொரு நாளில். ஒரு ஆடி மாதம் பள்ளிவாசலில் மண் சரிந்தது. போனைத் திறந்தால் ஆளுக்கு ஆள் அனுப்புகிறார்கள், கீழ் லயம் மொத்தமும் போய்விட்டது என்று. கீழ் லயத்தில்தான் என் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அம்மா போன் எடுக்கவில்லை, அப்பா போன் அணைந்திருந்தது. மேஜையில் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் கேட்டது என்ன தெரியுமா?

"யாருங்க பாத்தா?"

கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருப்பேன். "எங்க அம்மா மண்ணுக்குள்ள கெடக்கா, நீங்க யாரு பாத்தான்னு கேக்கீய! நீங்கள்லாம் மனுசனா?"

அவர் என் போனை வாங்கிக்கொண்டார். அனுப்பினவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "நீங்க பாத்தீங்களா? இல்லீங்களா? செரி, உங்களுக்குச் சொன்னது யாருங்க? அவரு நம்பர் குடுங்க." ஏழாவது ஆளோ எட்டாவது ஆளோ, எதிர் மலையில் ஜீப்போடு மாட்டிக்கொண்ட ஒரு டிரைவர் கிடைத்தார். "அங்கிருந்து கீழ் லயம் கண்ணுக்குத் தெரியுதுங்களா? நெம்ப நல்லதுங்க. எத்தனை கதவு தெரியுது? அவசரமில்லீங்க, எண்ணிச் சொல்லுங்க." போனைக் காதிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்தார். "எட்டுங்கறார். உங்க லயத்துக்கு எத்தனை கதவுங்க?"

எட்டுத்தான். போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டார். சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். "ஏட்டி, என்னத்துக்கு இத்தனை போனு? ரோடுதான் போச்சு. நாங்க கட்டஞ்சாயா குடிச்சிக்கிட்டு இருக்கோம்." நான் அவரிடம் நன்றி சொன்னேன். "எட்டுக் கதவுன்னுதானுங்க அவரு சொன்னாரு. ஆளுங்களை இப்பத்தானே நீங்க கேட்டீங்க" என்றார். நன்றியைக்கூட முழுசாக வாங்கிக்கொள்ளத் தெரியாத மனுஷன்.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் அது பாதிதான்.

மிதவையிலிருந்து தகவல் அவ்வப்போது அறுந்துபோகும். அரைமணி, மிஞ்சினால் ஒருமணி. அப்போது வரைபடத்தில் கோடு விட்டுவிட்டு நிற்கும். எலி கடித்த மாதிரி இருக்கிறது என்பார் டைரக்டர். ஓட்டையை அடைக்க ஒரு புரோகிராம் எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "பாக்கலீன்னா பாக்கலீன்னே இருக்கட்டுமுங்க" என்றார். அவரிடம் சொல்லாமல் எழுதிவிட்டேன். தகவல் வராத நேரத்துக்கு முன்னறிவிப்பு சொன்ன உயரத்தையே எடுத்து, கொஞ்சம் இழைத்து, மிதவை அனுப்பினது மாதிரியே கோட்டைச் சேர்த்துவிடும். ஒருமணி நேர ஓட்டைக்கு எழுதியது. எத்தனை நேரம் வரை அடைக்கலாம் என்று ஒரு எல்லை வைக்க எனக்குத் தோன்றவில்லை. கூடவே இன்னொரு வேலையும் அதற்குக் கொடுத்திருந்தேன். இத்தாவின் தூண் அளவு மிதவையோடு ஒத்துவராவிட்டால், அதை நீக்கிவிட்டு, 'அளவில் சந்தேகம், கவனமாகப் பார்க்கவும்' என்று அவருக்கு ஒரு செய்தி தானாகப் போகும். மிதவை கருவி, இத்தா மனுஷி. யார் தப்பு செய்வார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்தப் பங்குனியில் அவர் அறுப்புக்காக ஒன்பது நாள் லீவு போட்டார். அறுப்பு மிஷின் நல்லேப்பிள்ளிக்கு எப்போது வருகிறதோ அப்போதுதான் அறுப்பு, தள்ளிப்போட முடியாது. அவர் போன அன்று மதியமே மிதவை செத்துப்போனது. எனக்குத் தெரியாது. கோடு அழகாக ஓடிக்கொண்டிருந்தது. முன்னறிவிப்புக்கும் அளந்ததற்கும் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். நாலு வருஷத்தில் இப்படி ஒரு பொருத்தம் வந்ததில்லை. எங்கள் ஆபீஸ் தொடரலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் கமிட்டி இரண்டு வாரத்தில் கூடவிருந்தது. டைரக்டர் போனில் பாராட்டினார். நான் கீழே சொல்லி எல்லோருக்கும் பழம்பொரி வரவழைத்தேன். இத்தா மட்டும் முதல் நாலு நாள் கூடுதலாகவே எழுதிக்கொண்டிருந்தார். ஐந்தாவது நாளிலிருந்து அவர் எண்ணும் கோட்டோடு ஒட்டிக்கொண்டது. பரவாயில்லை, இத்தாவும் வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்படியேதான் நினைத்தேன், மாற்றிச் சொல்ல விரும்பவில்லை.

பத்தாவது நாள் அவர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். முகம் கறுத்து, சட்டைக் காலரில் நெல் தூசி. ஒன்பது நாள் அட்டவணையையும் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்தார்.

"ஏனுங்க மேடம், இதெல்லாம் யாரு பாத்தா?"

"மிதவை பாத்துச்சு சார்."

"ஒம்பது நாளுமுங்களா?"

"ஒம்பது நாளும்தான். பொருத்தத்தப் பாத்தீயளா?"

"அதாங்க பாக்கறேன். நான் இப்பத்தான் களத்துல இருந்து வர்றேன். பதரு இல்லாத நெல்லை இதுவரைக்கும் பாத்ததில்லீங்க. இதுல ஒரு பதரு இல்லை." கொஞ்சம் நிறுத்தி, "மிதவை அனுப்பின மூல ஃபைலைத் தொறங்க" என்றார்.

திறந்தேன். ஒன்பது நாளும் வெறும் காலியிடம். ஒரு எண் கிடையாது. முன்னறிவிப்பை முன்னறிவிப்போடேயே ஒப்பிட்டு, ஆகா எவ்வளவு சரி என்று பழம்பொரி தின்றிருக்கிறோம். கண்ணாடியைப் பார்த்து, யாரோ நம்மைப் போலவே இருக்கிறானே என்று சந்தோஷப்பட்ட மாதிரி.

அவர் திட்டவில்லை. இத்தாவைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அவர் பேசும் மலையாளத்திலும் ங்க ஒட்டிக்கொண்டு வரும். "இத்தாங்க, சுகந்தன்னேங்களா? இன்னு எத்ர கண்டுங்க?"

ஆறு கட்டம் என்றார் இத்தா. முன்னறிவிப்பும் அதுதான் சொல்லியிருந்தது, மூன்றடி.

"அது எழுதி அனுப்பினதுங்க. கண்டது எத்ரங்க?"

இத்தா பதில் சொன்னார். மலையாளத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். "நீங்கள்தானே தினம் சந்தேகம் சந்தேகம் என்று எழுதினீர்கள்? அதனால் சந்தேகம் வராத அளவுக்குக் குறைத்து எழுதினேன். முதலில் ரெண்டு கட்டம். நேற்று மூணு. இன்று காலை நாலு."

காலையில் இத்தா பார்த்தது பத்துக் கட்டம். சாரின் முகத்தைப் பார்த்தேன். முதல்முறையாகப் பயந்திருந்தார்.

"இப்ப தூணுக்குப் போங்க இத்தா. போனை வெக்காதீங்க. ஒரு கட்டம்கூடக் கொறைக்காதீங்க."

இத்தா போனார். உரக்கடை மாடியில் இருந்துகொண்டு அந்த அலையைக் கேட்டோம். ஒன்று மோதும். பிறகு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழு நொடி. மறுபடியும் பதினேழு, தூரத்திலிருந்து வரும் கள்ளக்கடலுக்குத்தான் இத்தனை இடைவெளி. "பதிமூணு கட்டம்" என்றார் இத்தா, மூச்சு வாங்க. அங்கே வெயில் அடிக்கிறது, காற்றே இல்லை என்றும் சொன்னார். வேலியேற்றம் பன்னிரண்டேகாலுக்கு. கடல் தானாகவே உயரும் அந்த நேரத்தில் இந்த அலையும் சேர்ந்தால் முன்வரிசை ஆறு வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறும். இத்தா வீட்டில் அவர் தங்கை பிரசவித்துப் படுத்திருந்தாள். பெண் குழந்தை, பிறந்து பதினெட்டு நாள்.

"எல்லாரையும் மேல போகச் சொல்லுங்க இத்தா" என்று நான் கத்தினேன்.

"சொன்னேனே. காலையிலேயே சொன்னேன். உங்கள் ஆபீஸ் மெசேஜைக் காட்டுகிறார்கள். அலை சாதாரணம் என்று போட்டிருக்கிறீர்களாம்."

தினம் காலையில் வரைபடத்தைப் பார்த்து அந்த மெசேஜை அனுப்புவது நான். கரைக்காரர்களின் குரூப்பில் ஆபீஸ் பெயரில் செய்தி போடும் அதிகாரம் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அவர் ஒரு காகிதத்தில் எழுதி என் முன்னால் வைத்தார்:

'இது முன்னறிவிப்பு அல்ல. இன்று காலை 9.45க்குத் தூணில் கண்ட அலை ஆறரை அடி. இடைவெளி பதினேழு நொடி. கடந்த ஒன்பது நாளாக மிதவை வேலை செய்யவில்லை. அந்த நாட்களில் நாங்கள் சாதாரணம் என்று சொன்னது யாரும் பார்த்துச் சொன்னது அல்ல, அதை நம்ப வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு முன் முன்வரிசை வீடுகளை விட்டு வெளியேறவும்.'

"மிதவை வரி வேணாம் சார்" என்றேன். "அளவ மட்டும் போட்டாப் போதும்ல?"

"காலைல சாதாரணம்னதும் இதே ஆபீஸுதானுங்க. இப்ப ஆறரை அடிங்கறதும் இதே ஆபீஸுதான். எது பொய்யின்னு சொல்லாம எதைங்க நம்புவாங்க?"

அவர் சொன்னது சரி என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அனுப்பவில்லை. டைரக்டரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கமிட்டியை நினைத்தேன். என் வேலைக்காகப் பயந்தேன், வேறு எந்தக் காரணம் சொன்னாலும் பொய். இதற்குள் அவர் அந்தக் கரையின் பஞ்சாயத்து மெம்பரைக் கூப்பிட்டார், வள்ளக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள், ஆபீஸ் மெசேஜ் வரட்டும். அவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் அனுப்பினேன், ஒரு வரி விடாமல்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் கடல் ஏறியது. அதற்குள் ஆறு வீட்டிலிருந்தும் ஆட்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். இத்தாவும் தங்கையும் குழந்தையும் கடைசியாகப் போனார்கள். ஒரு உயிர் போகவில்லை. இத்தா வீட்டுச் சமையல்கட்டு போனது. மேலே இழுக்க நேரமில்லாமல் விட்ட இரண்டு வள்ளம் கல்லில் அடித்து உடைந்தன.

டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். சரியான நேரத்தில் எச்சரித்து உயிர்களைக் காத்த ஆபீஸ் என்று கமிட்டிக்கு எழுதச் சொன்னார். எழுத வேண்டியவர் இவர். அட்டவணையில் அந்த நாளுக்கு நேரே என்ன எழுதினார் தெரியுமா? முன்னறிவிப்பு: இல்லை. வந்தது: ஆம். முடிவு: தவறியது.

"ஆறு வீட்டு ஆளுங்க உசுரோட இருக்காக சார்! அது கணக்குல வராதா?"

"சந்தோஷந்தானுங்க மேடம். ஆனா பாத்துப்போட்டுச் சொன்னது முன்னறிவிப்பு ஆகாதுங்க."

அதோடு விட்டாரா? கீழே இன்னும் எழுதினார். செய்தி எழுதி முடித்த நேரம் 9.52. அனுப்பிய நேரம் 10.12. இடையில் உள்ள இருபது நிமிஷத்துக்குக் காரணம் என்ற இடத்தில் என் பெயர். ஓட்டை அடைத்த புரோகிராமுக்கு நேரேயும் என் பெயர். லீவில் போகும்போது மூல ஃபைலைப் பார்க்க மாற்று ஏற்பாடு செய்யாதது என்று ஒரு வரி, அதற்கு நேரே அவர் பெயர். மூன்று பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. நான் சண்டை போடவில்லை. அந்த இருபது நிமிஷத்தில் இரண்டு வள்ளத்தையும் இழுத்திருக்கலாம் என்பது எனக்கே தெரியும். ஆனால் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். கூட வேலை செய்கிறவளை இப்படியா எழுதிக் கொடுப்பது என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மனசுக்குள் அவரைக் கல்நெஞ்சுக்காரன் என்று திட்டினேன்.

கமிட்டி எங்கள் ஆபீஸை மூடியது. அவர் இப்போது நல்லேப்பிள்ளியில் முழு நேரமும் வயலோடு இருக்கிறார். நான் பள்ளிவாசலுக்கே திரும்பி ஒரு ரிசார்ட்டில் முன்பதிவு பார்க்கிறேன். நாளைக்கு மூடுபனி இருக்குமா என்று விருந்தாளிகள் கேட்பார்கள். தெரியாது, காலையில் எழுந்து பார்த்துச் சொல்கிறேன் என்பேன். மேனேஜருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை.

ஆனால் அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது அறிக்கையும் இல்லை, ஆபீஸ் மூடினதும் இல்லை. கடல் ஏறின மூன்றாம் நாள் காலையில் நடந்தது. பேச்சை நிறுத்திவிட்ட என் மேஜைக்கு அவரே வந்து நின்றார்.

"மேடம், நீங்க இத்தாவுக்கு ஒரு போன் பண்ணோணுமுங்க."

"எதுக்கு? தினம் நீங்கதான் பேசுதீயள்ல."

"அவங்க எழுதுனதை நீக்கினது நீங்கன்னு அவங்களுக்குத் தெரியாதுங்க. மிதவை நின்னது தெரியுமுங்க, ஆனா சந்தேகம்னு சொன்னது ஆளுங்க பாத்துத்தான்னு, தான்தான் தப்புன்னே இன்னும் நெனச்சிட்டிருக்கறாங்க."

"அதான் ஊருக்கே தெரியுத மாதிரி அறிக்கையில எழுதிட்டீயளே. பத்தாதா?"

"அந்த அறிக்கையை அவங்க படிக்கப்போறதில்லீங்களே."

போகவில்லை, அப்படியே நின்றார். கோபத்தோடுதான் எண்ணை அழுத்தினேன். இத்தா பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தார். பின்னால் பாத்திரச் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம், தூரத்தில் குழந்தை அழும் சத்தம். நான் சொன்னேன். மிதவை செத்துப்போனது, புரோகிராம் எழுதினது, அந்தச் செய்திகளை அனுப்பினது எல்லாம் நான்தான் இத்தா. நீங்கள் எழுதின ஒவ்வொரு எண்ணும் சரியாக இருந்தது. சரியாக இருந்ததைத்தான் நான் நீக்கினேன்.

திட்டட்டும் என்று காத்திருந்தேன். சமையல்கட்டைக் கடலுக்குக் கொடுத்த பொம்பளை எப்படித் திட்டினாலும் தகும்.

"மோளே" என்றார் இத்தா. "அப்போ என் கண்ணுக்கு ஒன்றுமில்லையா?"

எனக்குப் புரியவில்லை. இத்தா மெதுவாகச் சொன்னார். நாலு நாள் சேர்ந்தாற்போல் சந்தேகம் என்று வந்ததும், கண்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட்டாராம். இருபது அலையைப் பார்த்துத் தப்பாகச் சொல்கிறவள், படியை எப்படிப் பார்ப்பாள், கதவு நிலையை எப்படிப் பார்ப்பாள்? எங்காவது இடறிக் கீழே போட்டுவிட்டால்? அன்றிலிருந்து குழந்தையைக் கையில் எடுக்கவே இல்லை. கடல் ஏறின அன்றுகூடத் துணிமூட்டையைத் தான் தூக்கிக்கொண்டு, பச்சை உடம்புக்காரி கையிலேயே குழந்தையைக் கொடுத்துப் பள்ளிக்கூடம் வரை நடக்கவிட்டிருக்கிறார்.

"ஒண்ணுமில்ல இத்தா" என்றேன். "உங்க கண்ணுக்கு ஒண்ணுமே இல்ல."

இத்தா போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரிடமோ, "அவளெ இங்ஙோட்டு தா" என்று குழந்தையைக் கேட்டார். குழந்தையின் அழுகை போனுக்கு மிகப் பக்கத்தில் வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது.